கூரைத் தெருவின் அக்கா தங்கைகளுக்கு, பங்குனி பிறக்கும் முன்

அன்புள்ள அக்கா தங்கைகளுக்கு,



திருவாரூர், நாகப்பட்டினம், தஞ்சாவூர், மயிலாடுதுறை மாவட்டத்து ஊர்களில் கீற்றுக் கூரையின் கீழ் குடியிருக்கும் உங்கள் எல்லோருக்கும், அதிலும் மகளிர் குழுக்களை முன்னின்று நடத்துகிறவர்களுக்கு, இந்த மடலை எழுதுகிறேன். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்துத்தான் விவரமாக எழுதியிருக்கிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கூரைத் தெருவில் ஒரு வீட்டில் பிடிக்கும் தீ அந்த வீட்டோடு நிற்காது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்து வீடுகளையும் சேர்த்துத்தான் கொண்டுபோகும். அதனால் தீக்கு எதிரான ஏற்பாட்டையும் அவரவர் வீட்டுக்குள் தனித்தனியாகச் செய்து முடித்துவிட முடியாது. தெருவாகக் கூடிச் செய்ய வேண்டும். அதற்குரிய மாதம் மாசி. பங்குனி, சித்திரை, வைகாசி கடந்து ஒரு நல்ல மழை பெய்கிறவரை அந்த ஏற்பாடு கலையாமல் இருக்க வேண்டும்.

இப்போது நம் ஊர்கள் இருக்கும் நிலையைப் பாருங்கள். சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் வீட்டோரம் வந்து சேர்ந்துவிட்டது. உளுந்தும் பயறும் பறித்த பிறகு செடி களத்தில் காய்ந்து கிடக்கும். வாய்க்காலில் தண்ணீர் இல்லை. குளம் அடிமட்டத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. கூரை மாற்றுகிற காலமும் இதுதான் என்பதால், காய்ந்த கீற்றுக்கட்டுகள் வாசலிலும் சந்திலும் அடுக்கப்பட்டிருக்கின்றன. மே முதல் வாரத்தில் அக்னி நட்சத்திரம் தொடங்கும்போது கூரையில் ஈரம் என்று சொல்ல எதுவும் மிஞ்சியிருக்காது. எரியக்கூடியது எல்லாம் வீட்டைச் சுற்றியும், அணைக்கக்கூடியது எல்லாம் தொலைவிலும் இருக்கிற மூன்று மாதங்கள் இவை.

கூரையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மட்டையை ஊறப்போட்டு, கிழித்து, பின்னிக் காயவைத்து, முகட்டிலிருந்து இறவாணம் வரை வேய்ந்து முடிக்கிற வேலை முழுக்க உங்கள் கைகளுக்குத் தெரிந்தது. ஆனாலும் தீ வருகிற கோணத்திலிருந்து அந்தக் கூரையை ஒரு முறை அண்ணாந்து பாருங்கள். பணம் போதாத வருஷங்களில் பழைய கீற்றைப் பிரிக்காமல் அதன்மேலேயே புதுக்கீற்றைப் போட்டிருப்போம். அடியிலிருக்கும் பழைய அடுக்கு தொட்டால் பொடியாக உதிரும் நிலையில் இருக்கும். அதில் புகைபடிந்த ஒட்டடை நூல் நூலாகத் தொங்கும். அடுப்பிலிருந்து எழும்பும் ஒரு பொறி நேராகக் கூரையை எட்ட வேண்டியதில்லை. ஒட்டடையில் பட்டால் போதும், அது பொறியை மேலே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் கூரைகளைப் பிய்த்துப் போட்ட பிறகு, நம் பகுதியில் கீற்றின்மேல் தார்ப்பாய் போட்டு மூடிய வீடுகள் பல. மழைக்கு அது நல்ல காப்பு. தீயில் அதுவே உருகி, எரியும் துளிகளாகக் கீழே சொட்டும். அடியில் நிற்பவரின் தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு எரியும்.

இறவாணம் தாழ்வாக இருப்பதால் குனிந்துதான் உள்ளே போகிறோம், குனிந்துதான் வெளியே வருகிறோம். பல வீடுகளுக்கு வழி ஒன்றே ஒன்று. தீ முகட்டுக்கு ஏறியதும் மூங்கிலைப் பிணைத்திருக்கும் கயிறுகள் அற்றுப்போகின்றன. அதற்குப் பிறகு கூரை துண்டு துண்டாக விழாது, ஒரேயடியாக உள்ளே சரியும். அதற்குள் வெளியே வந்திருக்க வேண்டும். எரியும் கீற்றுத் துண்டுகள் காற்றில் கிளம்பி நாலு வீடு தள்ளியும் விழும். தாலுகா ஊரிலிருந்து தீயணைப்பு வண்டி எவ்வளவு வேகமாகக் கிளம்பினாலும், முதலில் பிடித்த வீட்டை அது காப்பாற்றுவது அரிது. அடுத்த வரிசையைத்தான் காப்பாற்ற முடியும். சில தெருக்களுக்குள் அந்த வண்டியால் நுழையவும் முடியாது. முதல் பத்து நிமிஷத்துக்குத் தெருதான் தீயணைப்பு நிலையம்.

தீப்பிடித்த ஒரு தெருவை மறுநாள் காலையில் பார்த்திருக்கிறேன். மண்சுவர்கள் மட்டும் கருத்து நின்றன. அலுமினியக் குண்டான் உருகி, அடுப்பின் மேல் தட்டையாக இறுகிக் கிடந்தது. அரிசி மூட்டையில் மேற்பக்கம் கரி, உள்ளே தள்ளினால் புகைநாற்றம் ஏறிய அரிசி. ஒரு வீட்டில் டிரங்குப் பெட்டியை நெம்பித் திறந்தார்கள். உள்ளே மடித்து வைத்த துணிகள் மடிப்புக் கலையாமல் அப்படியே கரியாக இருந்தன. விரல் பட்டதும் உதிர்ந்தன. அந்த வீட்டுப் பெண் பட்டுப்புடவையைத் தேடவில்லை, நகைச்சீட்டைத் தேடவில்லை. பெட்டியின் அடியில் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையைத் தேடினார். மகள் பிளஸ் டூ எழுதிக்கொண்டிருந்த மாதம் அது. ஹால் டிக்கெட்டும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் அந்த உறையில்தான் இருந்தன. உறை உருகி ஒரு கட்டியாகியிருந்தது.

இது யாருக்கும் நேரக்கூடாது என்பதற்காகத்தான் இந்த மடல். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அடுப்பு. கேஸ் அடுப்பு வந்த பிறகும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகடுப்பை வைத்திருக்கிறோம். சிலிண்டர் விலையை நினைத்தால் அதில் தப்பில்லை. ஆனால் கோடைக்கு மட்டுமாவது விறகடுப்பை வீட்டுக்கு வெளியே, இறவாணத்துக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். மூன்று பக்கம் இடுப்பளவு மண்சுவர் எழுப்பி, காற்று வருகிற பக்கத்தை அடைத்துவிடுங்கள். வெளியே இடமே இல்லாதவர்கள் அடுப்புக்கு நேர்மேலே கூரைக்குக் கீழ் ஒரு தகரத்தைக் கட்டித் தொங்கவிடலாம். வாரம் ஒரு முறை ஒட்டடை அடித்துவிடுங்கள். விறகையும் வரட்டியையும் அடுப்புக்கு மேலே பரண் கட்டிக் காயவைக்க வேண்டாம். மதியம் காற்று எழும்புவதற்கு முன் சமையலை முடித்துவிடலாமா என்று தெருவில் பேசிப் பாருங்கள். பல ஊர்களில் பெரியவர்கள் கோடையில் அப்படித்தான் செய்துவந்திருக்கிறார்கள்.

அடுத்தது சாம்பல். மேலே வெள்ளையாக ஆறிக் கிடக்கும் சாம்பலுக்குள் கங்கு மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். காலையில் அள்ளிக் குப்பைமேட்டில் கொட்டியது மதியம் காற்றில் கிளறப்பட்டு வைக்கோலில் போய் விழும். சாம்பலை அள்ளுவதற்கு முன் தண்ணீர் தெளித்துக் குழப்பிவிடுங்கள். சத்தம் அடங்கும் வரை தெளியுங்கள். அதன் பிறகு கொட்டுங்கள். ஒரு சொம்புத் தண்ணீர் போதும்.

மூன்றாவது மின்சாரம். ஒரு விளக்குக்காகப் போட்ட இணைப்பில் இன்று மின்விசிறி, டிவி, மிக்ஸி, கிரைண்டர், நாலு செல்போன் சார்ஜர் எல்லாம் ஓடுகின்றன. ஒயர் சூடாகிறது. அந்த ஒயர் கீற்றுக்குள் செருகப்பட்டு மூங்கிலோடு மூங்கிலாக ஓடுகிறது. எலி கடித்த இடத்திலும், பிளாஸ்டிக் காகிதம் சுற்றி முறுக்கிய இணைப்பிலும் பொறி பறந்தால் நமக்குத் தெரியாது, கூரைக்குத் தெரியும். இந்த மாதமே ஒரு எலக்ட்ரீசியனைத் தெருவுக்கு வரவழையுங்கள். செலவை எல்லா வீடுகளும் பகிர்ந்துகொள்ளலாம். கூரைக்குள் போகிற ஒயர் எல்லாம் பிவிசி குழாய்க்குள் போக வேண்டும். முறுக்கிய இணைப்புகளை வெட்டி எறிந்துவிட்டு முழு ஒயராக மாற்ற வேண்டும். பியூஸ் அடிக்கடி போகிறதே என்று பியூஸ் கட்டையில் தடித்த செம்புக்கம்பியைச் சுற்றி வைத்திருந்தால் முதல் வேலையாக அதை எடுத்துவிட்டுச் சரியான கம்பியைப் போடச் சொல்லுங்கள். பியூஸ் போவது வீட்டைக் காப்பாற்றத்தான். முடிந்தால் மின்கசிவு வந்ததும் தானாக இணைப்பைத் துண்டிக்கும் கருவியையும் பொருத்திக்கொள்ளுங்கள். உயிர்க்காப்புக்கு 30 மில்லி ஆம்பியர் கருவி என்று கேட்டு வாங்க வேண்டும். தெருவுக்கு மேலே தொய்ந்து தொங்கும் கம்பிகள் காற்றில் ஒன்றோடொன்று உரசிப் பொறி தட்டுகின்றன என்றால், லைன்மேனிடம் வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகாராகப் பதியுங்கள். புகார் எண்ணைக் குழு நோட்டில் எழுதி வையுங்கள்.

நான்காவது சிலிண்டர். இரவு படுக்கப் போகுமுன் ரெகுலேட்டரை மூடுகிற பழக்கம் தெருவில் எல்லா வீட்டுக்கும் வர வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு பரவும். நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். ரெகுலேட்டரை மூட முடிந்தால் மூடுங்கள். பிறகு தள்ளி நின்று 1906 எண்ணுக்குப் பேசுங்கள். வீடு எரியத் தொடங்கியிருந்து, தீ இன்னும் சிலிண்டர் பக்கம் போகவில்லை என்றால் ஒருவர் அதை வெளியே உருட்டிவிடலாம். தீ சிலிண்டரைத் தொட்டுவிட்டது என்றால் யாரும் அந்தப் பக்கமே போகக்கூடாது. எதிர்ச்சாரி வீடுகளையும் காலி செய்துவிடுங்கள்.

ஐந்தாவது வெடி. இதைப் பேசச் சங்கடம்தான், ஆனாலும் பேச வேண்டும். பங்குனியும் சித்திரையும் நம் ஊர்த் திருவிழாக் காலம். சாமி புறப்பாட்டுக்கும் வெடி, சாவு ஊர்வலத்துக்கும் வெடி. ஊர்வலம் கூரைத் தெருவைக் கடக்கும்போது மேலே கிளம்பும் ராக்கெட் எங்கே இறங்கும் என்று விடுகிறவருக்கும் தெரியாது. துக்க வீட்டில் போய் அன்றைக்கு இதைச் சொல்ல முடியாது. அதனால் முன்பே, ஊர்க் கூட்டத்தில், எல்லாத் தெருக்காரர்களும் இருக்கும்போது ஒரு முடிவாக எடுத்துக்கொள்ளுங்கள்: மாசி முதல் ஆனி வரை கூரை வீடுகள் இருக்கும் பகுதியில் வானத்துக்கு ஏறும் வெடி எதுவும் கிடையாது. வெடித்தே ஆக வேண்டும் என்பவர்கள் ஆற்றங்கரையிலோ திடலிலோ வெடித்துக்கொள்ளட்டும். இளைஞர்களிடம் பொறுப்பைக் கொடுத்துச் சொன்னால் கேட்பார்கள்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். கொசுவர்த்தியை மண்சட்டிக்குள் வைத்துக் கொளுத்துங்கள், பாயின் ஓரத்தில் வேண்டாம். சாமி விளக்கைச் சுவரில் மாடம் வைத்து, திரைச்சீலை எட்டாத இடத்தில் ஏற்றுங்கள். தூங்குமுன் குளிர்வித்துவிடுங்கள். தீப்பெட்டி பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது. பீடித் துண்டைப் போட ஒரு மணல் சட்டியைத் திண்ணையில் வைத்துவிடுங்கள், சண்டை போடுவதைவிட அது பலன் தரும். வைக்கோல்போரை வீட்டை ஒட்டிப் போடாதீர்கள். தெருவுக்கு வெளியே ஒரு பொதுத் திடலில் எல்லோருடைய போரும் இடைவெளி விட்டு நிற்கட்டும். வரப்பு ஓரக் காய்ந்த புல்லுக்கும் கரும்புத் தோகைக்கும் தீ வைக்கிறவர்களிடம், காற்று ஊர்ப்பக்கம் அடிக்கும் நாளில் வைக்கக்கூடாது என்று கறாராகச் சொல்லுங்கள்.

கூரைக்கே ஏதாவது செய்ய முடியாதா என்று கேட்பீர்கள். இறவாணத்துக்கு உள்பக்கமும் அடுப்புக்கு மேலும் களிமண்ணையும் நறுக்கிய வைக்கோலையும் குழைத்துப் பூசினால், கீற்று பற்றுவதற்கு நேரம் எடுக்கும். மழையில் கரையாமல் இருக்க அந்த மண்பூச்சில் தார் கலக்கும் முறையை ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே உருவாக்கிக் கொடுத்திருக்கிறது. எரியவே எரியாத கூரையாக அது மாறிவிடாது. ஆனால் கூரைத் தீயில் கூடுதலாகக் கிடைக்கும் சில நிமிஷங்கள் தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரப் போதுமானவை. புதுக்கீற்று போடுகிறவர்கள் இந்த வருஷமாவது அடியிலிருக்கும் பழையதை முழுக்கப் பிரித்துவிட்டுப் போடுங்கள்.

இனி, வீட்டுக்கு ஒரு முக்கியமான வேலை. ரேஷன் அட்டை, ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுங்கள். ஒரு நகலைக் கான்கிரீட் வீட்டில் இருக்கும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். செல்போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் மகனுக்கோ தம்பிக்கோ அனுப்பி வையுங்கள். டிஜிலாக்கரில் ஏற்றத் தெரிந்த கல்லூரிப் பிள்ளை ஒன்று எந்தத் தெருவிலும் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையைக் குழுவுக்கு நடுவில் உட்காரவைத்து எல்லா வீட்டுக்கும் செய்துவிடலாம். அசல்களை ஒரு தகரப் பெட்டியில் போட்டு, பரணில் வைக்காமல் வாசலை ஒட்டித் தரையில் வையுங்கள். தீ நாளில் அது கைக்கு எட்டினால் எடுங்கள். எட்டாவிட்டால் விட்டுவிடுங்கள். நகல் இருக்கிறது என்ற நினைப்பு இருந்தால்தான் யாரும் உள்ளே திரும்பி ஓட மாட்டார்கள்.

இப்போது தெருவுக்கு வருகிறேன்.

கூரைத் தீயில் மோட்டாரை நம்பக்கூடாது. தீ வந்ததும் முதலில் நிறுத்த வேண்டியதே கரண்ட்தான், அப்போது போர் தண்ணீரும் நின்றுவிடும். அதனால் தண்ணீர் முன்பே பிடித்து வைத்ததாக இருக்க வேண்டும். நாலைந்து வீட்டுக்கு ஒரு பெரிய டிரம், மூடியோடு. பக்கத்திலேயே இரண்டு வாளி, கொஞ்சம் மணல், நனைப்பதற்கு நாலு சாக்கு. அந்தத் தண்ணீரை வேறு எதற்கும் எடுக்கக்கூடாது. கொசு முட்டையிடாமல் இருக்க வாரம் ஒரு நாள் அதைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புதிதாகப் பிடியுங்கள். தெருவுக்கு இரண்டு ஏணி வேண்டும். முனையில் கொக்கி வைத்த நீளக் கழி நாலைந்து வேண்டும். எரியும் கூரையை அணைப்பதைவிட, அடுத்த கூரையைக் காப்பாற்றுவதுதான் பல நேரங்களில் செய்யக்கூடியது. காற்றடிக்கும் பக்கத்துக் கூரைகள்மேல் ஆள் ஏறித் தண்ணீர் ஊற்றி நனைக்க வேண்டும். அதுவும் தாங்காது என்றால் இடையிலிருக்கும் ஒரு கூரையைக் கொக்கியால் இழுத்துத் தரையில் போட்டுவிட வேண்டும். யாருடைய கூரையை இழுப்பது என்று தீ எரியும்போது பேசிக்கொண்டிருக்க முடியாது. இழுக்கப்பட்ட கூரையைத் தெருவே சேர்ந்து மறுபடி வேய்ந்து கொடுக்கும் என்று இன்றே பேசி, குழு நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒரு உறுதி இருந்தால் யாரும் தடுக்க மாட்டார்கள்.

பகலில் உங்கள் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நூறு நாள் வேலைக்கும் உளுந்து பறிக்கவும் போனபின் கிழவர்களும் கைப்பிள்ளைகளும்தான் மிச்சம். ஒவ்வொரு நாளும் திடமான இரண்டு பேராவது தெருவில் தங்குகிற மாதிரி முறை வைத்துக்கொள்ளுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவர், கண் தெரியாதவர், நிறைமாதக்காரி இருக்கும் வீடுகளைப் பட்டியலிட்டு, அவரை வெளியே கொண்டுவருவது யார் பொறுப்பு என்று பெயர் எழுதி வையுங்கள். இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வேலைக்குப் போகும்போது பிள்ளையையோ, மனம் சரியில்லாத பெரியவரையோ உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போகாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு கூரைக் கொட்டகை எரிந்தபோது, சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநலம் குன்றியவர்கள் 28 பேர் இறந்தார்கள். எழுந்து ஓடக்கூடியவர்கள் அவர்களில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். பூட்டுதான் கொன்றது. மாட்டைக்கூட இந்த மாதங்களில் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போட்டுக் கட்டுங்கள்.

தீ பிடித்துவிட்டால் வரிசை இதுதான். சத்தம் போட வேண்டும். ஒரு தகரத்தையோ மணியையோ அடிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். ஆட்கள் வெளியே வர வேண்டும், பிள்ளைகளும் முதியவர்களும் முதலில். ஒருவர் மெயின் சுவிட்சை நிறுத்த, இன்னொருவர் 101-க்கோ 112-க்கோ பேச வேண்டும். ஊர்ப் பெயர், தெரு, எந்தப் பக்கமாக வண்டி வரலாம் என்று தெளிவாகச் சொல்லி, ரோட்டு முனையில் ஒருவர் நின்று வழிகாட்ட வேண்டும். மாடுகளை அவிழ்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் தண்ணீரும் கொக்கியும். வெளியே வந்தவர் எதற்காகவும் உள்ளே திரும்பக்கூடாது. எல்லோரும் கோயில் வாசல் போல ஒரே இடத்தில் கூடித் தலை எண்ணுங்கள். பிள்ளை உள்ளே இருக்கிறதென்று நினைத்து ஒரு தாய் தீக்குள் ஓடிவிடாமல் இருக்க அந்த எண்ணிக்கைதான் உதவும்.

உடையில் தீப்பிடித்தவர் ஓடக்கூடாது. ஓடினால் தீ வளரும். தரையில் படுத்து உருளச் சொல்லுங்கள், நனைத்த சாக்கையோ கெட்டியான பருத்திப் போர்வையையோ மேலே போட்டு அமுக்குங்கள். நைலான் துணி உருகி ஒட்டும், கோடையில் அடுப்படியில் பருத்திப் புடவையே கட்டுங்கள். சுட்ட இடத்தில் சாதாரணத் தண்ணீரை இருபது நிமிஷம் விடாமல் ஊற்றுங்கள். பற்பசை, பேனா மை, இட்லி மாவு, எண்ணெய் எதுவும் வேண்டாம். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி 108-ஐ அழையுங்கள்.

ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 14 தீத்தொண்டு நாள். 1944-இல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் ஒரு கப்பல் வெடித்தபோது, அணைக்கப் போய் உயிரிழந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக அந்த வாரம் முழுக்க நாடெங்கும் தீத் தடுப்புச் செய்முறைகள் நடத்துகிறார்கள். நமக்கு அது சித்திரைப் பிறப்பை ஒட்டிய வாரம். உங்கள் ஊர்ப்பக்க தீயணைப்பு நிலையத்துக்குக் குழுவின் பெயரில் இப்போதே ஒரு மனு எழுதி, எங்கள் தெருவுக்கு வந்து செய்து காட்டுங்கள் என்று கூப்பிடுங்கள். வீரர்கள் தெருவைப் பார்த்தால், வண்டி எதுவரை வரும், எந்தக் குளத்தில் தண்ணீர் எடுக்கலாம் என்று அவர்களுக்கும் தெரிந்துவிடும்.

இவ்வளவும் செய்தாலும் கூரை கூரைதான். அதையும் பேசாமல் இந்த மடலை முடிக்க எனக்கு மனமில்லை.

1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் யாகசாலைக் கீற்றுப் பந்தல் எரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக் கீற்றுப் பந்தலில் தீப்பிடித்து மணமகனோடு சேர்த்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அதே வருஷம் ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், பள்ளிச் சமையலறைக் கூரையில் பிடித்த தீ மேல்மாடி வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அந்தக் குழந்தைகளில் பலர் நம்மைப்போன்ற வீடுகளின் பிள்ளைகள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் பள்ளிக்கூடங்களுக்குக் கீற்றுக் கூரை கூடாது என்று அரசு உத்தரவிட்டது, கூரைகள் பிரிக்கப்பட்டன. நல்ல காரியம். ஆனால் ஒரு பிள்ளை பள்ளியில் இருப்பது பகலில் சில மணி நேரம். மாலையில் அது திரும்பி வந்து படிப்பதும் உண்பதும் உறங்குவதும் எந்தக் கூரையின் கீழ்? பள்ளியில் ஆபத்து என்று பிரிக்கப்பட்ட அதே கீற்றின் கீழ். இந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை வேறு யாரையும்விட உங்களுக்குத்தான் இருக்கிறது.

2024-இல் தமிழக அரசு கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தை அறிவித்தது. 2030-க்குள் கிராமங்களில் குடிசைகளுக்குப் பதில் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள், வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் என்பது அறிவிப்பு. உங்கள் தெருவில் எத்தனை பெயர் அந்தக் கணக்கெடுப்பில் இருக்கிறது, யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று ஊராட்சியில் கேட்டு வாங்குங்கள். தடையாக நிற்பது பெரும்பாலும் மனை. பட்டா இல்லாத புறம்போக்கிலும், வாய்க்கால் கரையிலும், கோயில் நிலத்திலும் குடியிருப்பவர்கள்தான் பட்டியலுக்கு வெளியே தள்ளப்படுகிறார்கள். தீயில் முதலில் எரிவதும் நெருக்கியடித்துக் கட்டிய அந்த வீடுகள்தான். ஆகவே வீட்டைக் கேட்பதற்கு முன் பட்டாவைக் கேட்க வேண்டியிருக்கிறது. அதைத் தனித்தனியாகப் போய் விஏஓ அலுவலகத்தில் நின்று கேட்பதைவிட, தெருவே சேர்ந்து ஒரே மனுவாகக் கேட்டால் தட்டிக் கழிப்பது கடினம்.

தமிழ்நாட்டில் மார்ச் 22 அன்றும் மே 1 அன்றும் கிராம சபை கூடுகிறது. இரண்டும் தீக்காலத்துக்குள்தான் வருகின்றன. மார்ச் 22 கூட்டத்துக்கு உங்கள் குழு எழுத்தில் கொண்டுபோக வேண்டிய தீர்மானங்களை இங்கே தருகிறேன். கூரைத் தெருக்களுக்கு ஊராட்சிச் செலவில் தண்ணீர் டிரம், ஏணி, கொக்கிக் கழி. தொய்ந்த மின்கம்பிகளைச் சித்திரைக்கு முன் இழுத்துக் கட்ட மின்வாரியத்துக்குக் கடிதம். கூரைப் பகுதியில் ஆனி வரை வானவெடிக்குத் தடை. வீட்டுத் திட்டப் பட்டியலை வெளிப்படையாக வாசித்தல், விடுபட்டவர்களைச் சேர்த்தல். புறம்போக்குக் குடியிருப்புகளுக்கு மனைப்பட்டா. தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மே 1 அன்று அதே பதிவேட்டைத் திறந்து, எதெது நடந்தது என்று கேளுங்கள்.

கடன் தவணையையும் சேமிப்பையும் தவறாமல் கணக்கு வைத்து நடத்துகிற உங்களால் இதுவும் முடியும். இந்த வாரக் குழுக் கூட்டத்தில் கடைசியாகப் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். டிரம் யார் வீட்டு வாசலில், கொக்கிக் கழி யார் செய்வது, எலக்ட்ரீசியனை யார் கூப்பிடுவது, பகல் முறை யாருக்கு எந்த நாள் என்று நாலு பெயர்களை எழுதிவிட்டு எழுந்திருங்கள். பங்குனி முதல் தேதிக்குள் அந்த நாலும் முடிந்திருக்கட்டும்.

அன்புடன்,
டெல்டாவிலிருந்து உங்களில் ஒருத்தி